செல்லுக்குத் தரை போட்ட கதை

உறைபெட்டியிலிருந்து வெளியே வரும் அந்தக் குப்பி சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. உள்ளே தண்ணீர் போல நிறமில்லாத திரவம். அதில் கரைந்திருக்கும் புரதம் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. அவசரப்பட்டுக் கையில் பிடித்து உருக்கக் கூடாது. முதல் நாளே குளிர்பெட்டியில் வைத்து, தானாக இளக விட வேண்டும். பிறகு கால்சியமும் மெக்னீசியமும் கலந்த உப்புநீரில் அதைக் கரைத்து, பிளாஸ்டிக் வளர்ப்புத் தட்டின் குழிகளில் ஊற்றி, மூடி, மறுபடி இரவு முழுக்கக் குளிரில் வைக்க வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை மைக்ரோகிராம் கணக்கு. ஆறு குழித் தட்டில் ஒரு குழி ஏறக்குறைய 10 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அப்படியானால் ஒரு குப்பி இருபது குழிக்கு வரும்.

மறுநாள் காலையில் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. பூசியதும் பூசாததும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மனித ஸ்டெம் செல்களைக் கொண்டுவந்து விட்டால் அவற்றுக்குத் தெரிந்துவிடும். பூசாத குழியில் விழுந்தவை உருண்டையாகவே கிடந்து சாகும். பூசிய குழியில் விழுந்தவை கால் பரப்பி உட்கார்ந்துவிடும். பூச்சு நடுவில் உலர்ந்துபோயிருந்தால், பூசியும் பயனில்லை. அந்தப் புரதத்தின் பெயர் லேமினின்-521. எடைக்கு எடை பார்த்தால் தங்கம் இதன் பக்கத்தில் வர முடியாது. ஒரு தரைப்பூச்சுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பது நியாயம்தான்.

செல்லைப் பற்றிப் பள்ளியில் படித்த படத்தில் நடுவே உட்கரு இருக்கும், சுற்றிலும் சவ்வு இருக்கும், சவ்வுக்கு வெளியே வெள்ளைத் தாள் இருக்கும். அந்த வெள்ளைத் தாள்தான் பொய். உடம்பில் செல்லுக்கு வெளியே வெற்றிடம் கிடையாது. கொலாஜன், ஃபைப்ரோநெக்டின், லேமினின் என்று புரதங்களும் சர்க்கரைச் சங்கிலிகளும் பின்னிக்கிடக்கும் ஒரு வலை இருக்கிறது. செல்களே சுரந்து, செல்களே கட்டி, செல்களே குடியிருக்கும் வலை. எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் என்பது அதன் முழுப்பெயர். ஆய்வகத்தில் மேட்ரிக்ஸ் என்றாலே புரியும்.

இந்த வலையின் புரதங்களில் ஒன்றான கொலாஜனின் வடிவத்தைச் சென்னைதான் உலகத்துக்குச் சொன்னது. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரில் பிடித்துப் பார்த்து, அது மூன்று இழை முறுக்கு என்று கண்டுபிடித்தார்கள். அப்போது எல்லோரும் மேட்ரிக்ஸைக் கட்டடத்துக்குக் கம்பி போல, தாங்கி நிற்கும் பொருளாக மட்டுமே பார்த்தார்கள். அது செல்லோடு பேசும் என்ற எண்ணம் பிறக்கப் பல வருடம் ஆயிற்று.

அதை உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஈரானில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லியில் ஆய்வு செய்த மினா பிசெல். சுண்டெலியின் பால்சுரப்பிச் செல்களை எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் அவை உயிரோடு இருக்கும், பெருகும். ஆனால் பாலை மறந்துவிடும். கேசீன் என்ற பால் புரதத்தைச் செய்யும் மரபணு உள்ளேதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. அதே செல்களை லேமினின் நிறைந்த கூழில் வைத்தால் அவை குட்டிக் குட்டிக் கோளங்களாகக் கூடி, நடுவில் குழிவு விட்டு, அதற்குள் பாலைச் சுரக்கத் தொடங்கும். மரபணு மாறவில்லை, தரைதான் மாறியது. வெளியே இருக்கும் மேட்ரிக்ஸ் உட்கருவரை செய்தி அனுப்புகிறது, உட்கரு அதற்கேற்ப மேட்ரிக்ஸை மாற்றி அமைக்கிறது என்று 1982-இல் அவர் எழுதியபோது அதைக் கற்பனை என்றே பலர் ஒதுக்கினார்கள்.

தரையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பெயர் உண்டு. பிடிப்பை இழந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதை 1994-இல் ஃப்ரிஷ், ஃபிரான்சிஸ் இருவரும் விளக்கி, அதற்கு ‘அனாய்கிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் வீடில்லாத நிலை என்று பொருள். இடம் பெயர்ந்த செல் கண்ட இடத்தில் முளைத்துவிடாமல் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இந்தச் சட்டத்தை மீறத் தெரிந்த செல்தான் புற்றாகப் பரவுகிறது.

தோலுக்குக் கீழும், குடலின் உட்சுவருக்குக் கீழும், தசை நார்களைச் சுற்றியும், ரத்தக் குழாய்களின் ஓரத்திலும் மெல்லிய விரிப்பு ஒன்று ஓடுகிறது. அடித்தளச் சவ்வு என்பார்கள். அதன் முக்கியப் புரதம்தான் லேமினின். அதில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறுவனின் கதை காட்டியது. 2015-இல் ஜெர்மனியின் போஹும் நகர மருத்துவமனைக்கு ஏழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். லேமினின் வகை ஒன்றின் மரபணுவில் பிறவிப் பிழை. தோலின் மேலடுக்கைக் கீழடுக்கோடு பிடித்து வைக்க ஆள் இல்லை. தொட்ட இடமெல்லாம் கொப்புளமாகி உரிந்தது. உடம்பின் மேல்தோலில் ஏறக்குறைய 60 சதவிகிதம் போய்விட்டிருந்தது. இத்தாலியின் மோடெனாவிலிருந்து மிக்கேலே தெ லூக்காவின் குழு, அவனிடமே எடுத்த தோல் செல்களில் சரியான மரபணுவைப் புகுத்தி, தோலாக வளர்த்து அனுப்பியது. மொத்தம் 0.85 சதுர மீட்டர். உடம்பின் 80 சதவிகிதத்தை அந்தப் புதுத் தோல் மூடியது. ஒரே ஒரு புரதம் ஒட்டாததால் உரிந்த தோல், அது ஒட்டியதும் நின்றது.

லேமினினின் உருவத்தை விளக்க ஜடைப் பின்னலைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று சங்கிலிகள். கீழ்ப்பாதியில் மூன்றும் சேர்ந்து இறுக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. மேல்பாதியில் பின்னாமல் மூன்று பக்கமும் விரிந்து நிற்கின்றன. ஆகவே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது சிலுவை போலத் தெரியும். பின்னலின் நுனியில் ஆல்ஃபா சங்கிலி மட்டும் நீண்டு, ஐந்து உருண்டைகளாகத் தொங்குகிறது. அதுதான் ஜடைக் குஞ்சம். விரிந்த மூன்று கைகளும் பக்கத்து லேமினின்களின் கைகளைப் பிடித்து வலை பின்னும். குஞ்சத்தைச் செல் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கும் செல்லின் கைக்கு இன்டெக்ரின் என்று பெயர். அதன் பிடி இறுகக் கால்சியம், மெக்னீசியம் போன்ற அயனிகள் வேண்டும். உப்புநீரில் அவற்றைச் சேர்த்தது வீணாக அல்ல. தட்டிலிருந்து செல்களைப் பெயர்க்க வேண்டுமென்றால், இந்த அயனிகளைக் கவர்ந்துகொள்ளும் ஈடிடிஏ கரைசலை ஊற்றினால் போதும், பிடி தளர்ந்துவிடும்.

ஆல்ஃபாவில் ஐந்து வகை உண்டு, பீட்டாவிலும் காமாவிலும் மும்மூன்று உண்டு என்பதால் பலவிதப் பின்னல்கள் சாத்தியம். எந்தச் சங்கிலிகள் சேர்ந்தன என்பதைத்தான் எண் சொல்கிறது. ஆல்ஃபா-5, பீட்டா-2, காமா-1 சேர்ந்தால் லேமினின்-521. ஆல்ஃபா-1, பீட்டா-1, காமா-1 என்றால் லேமினின்-111. தொலைபேசி எண் போலக் குழப்பும் இந்தப் பெயர்கள் உண்மையில் மிகச் சிக்கனமானவை.

முதலில் கிடைத்தது 111-தான். கிடைத்த இடம் விசித்திரமானது. டென்மார்க்கின் எங்கெல்பிரெத்-ஹோல்ம் கவனித்து, அமெரிக்காவின் ஸ்வார்ம் தொடர்ந்து ஆராய்ந்த எலிக்கட்டி ஒன்று இருந்தது. குருத்தெலும்புப் புற்று என்றே முதலில் நினைத்தார்கள். 1977-இல்தான் அந்தக் கட்டி அடித்தளச் சவ்வின் பொருள்களை மூட்டை மூட்டையாகச் சுரந்து தள்ளுகிறது என்பது தெரிந்தது. நல்ல திசுவில் அந்தச் சவ்வு படலமாகத்தான் இருக்கும். சுரண்டி எடுத்தால் ஒன்றும் தேறாது. கட்டியிலோ அள்ள அள்ள வருகிறது. 1979-இல் ரூப்பர்ட் டிம்ப்ளும் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின் குழுவும் அதிலிருந்து ஒரு பெரிய புரதத்தைப் பிரித்து லேமினின் என்று பெயரிட்டார்கள். பிரிக்காமல் கட்டியின் சாற்றை அப்படியே எடுத்தபோது இன்னொன்று கிடைத்தது: 4 டிகிரியில் நீராக இருந்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் பால் தயிராவது போலக் கூழாக உறையும் ஒரு திரவம். மேட்ரிஜெல் என்று சந்தைக்கு வந்தது. அதை எடுக்க ஊசிமுனைகளைக்கூடக் குளிர வைத்துத்தான் எடுப்பார்கள். தாமதித்தால் நடுவழியிலேயே உறைந்துவிடும்.

மேட்ரிஜெல் செய்த உபகாரத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். பிசெலின் பால்சுரப்பிச் செல்களுக்குக் கிடைத்த கூழும் இந்த எலிக்கட்டியிலிருந்து வந்ததுதான். ஆனால் அது ஒரு கூட்டாஞ்சோறு. பெரும்பகுதி லேமினின்-111, அடுத்து நான்காம் வகைக் கொலாஜன், கொஞ்சம் என்டாக்டின். மிச்சம் என்ன என்று 2010-இல் ஒரு குழு கணக்கெடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட புரதங்கள் அகப்பட்டன. ஒரு முறை வாங்கிய சரக்கும் மறுமுறை வாங்கியதும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வாரம் வளர்ந்த செல் அடுத்த மாதம் முரண்டு பிடித்தால், கோளாறு செல்லிலா கூழிலா என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கட்டிகளில் எலி வைரஸ் ஒன்று குடியிருந்த சங்கடமும் நேர்ந்தது.

எலிகளோடு முடிந்தவரை இதையெல்லாம் சகித்துக்கொண்டார்கள். 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவின் ஸ்டெம் செல்களைத் தட்டில் வளர்த்துக் காட்டியதும் கணக்கு மாறியது. அந்தச் செல்களை என்றாவது மனித உடம்பில் வைக்கப் போகிறோம் அல்லவா? அப்போது அவை உட்கார்ந்திருந்தது எலிச் செல்களின் மெத்தைமேல். 2001-இல் மெத்தையை எடுத்துவிட்டு மேட்ரிஜெல்லை விரித்தார்கள், அதுவும் எலிதான். 2005-இல் சான் டியாகோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. மனிதர்கள் பரிணாமத்தில் எப்போதோ இழந்துவிட்ட ஒரு சர்க்கரை, எலி மெத்தையிலிருந்தும் விலங்குச் சீரத்திலிருந்தும் மனித ஸ்டெம் செல்லின் மேல் ஏறியிருந்தது. அந்தச் சர்க்கரைக்கு எதிரான பிறபொருளெதிரி நம் பெரும்பாலோர் ரத்தத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. நாம் வளர்த்த செல்லை நம் உடம்பே அன்னியன் என்று விரட்டக்கூடும்.

ஆக, தேவை என்ன என்பது தெளிவாகிவிட்டது: மனித மரபணுவிலிருந்து செய்த, வேறு எதுவும் கலக்காத ஒற்றைப் புரதம். மரபணு மறுசேர்க்கை முறையில் இன்சுலினை 1978-இலேயே பாக்டீரியாவில் செய்துவிட்டார்கள், 1982-இல் மருந்துக்கடைக்கும் வந்துவிட்டது. லேமினினுக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்? இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். லேமினின்-521-இன் மூன்று சங்கிலிகளிலும் சேர்த்து எண்ணினால் ஏழாயிரத்தைத் தாண்டும். மூன்று தனித்தனி மரபணுக்களை ஒரே செல்லுக்குள் அனுப்ப வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் சுரக்க வேண்டும். சந்தித்துப் பின்னிக்கொள்ள வேண்டும். சரியான இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஏற வேண்டும். கந்தகப் பிணைப்புகள் பூட்டிக்கொள்ள வேண்டும். பாக்டீரியாவால் இதெல்லாம் ஆகாது. 1973-இல் நெதர்லாந்தின் லெய்டனில் உருவான ஹெக்-293 போன்ற மனிதச் செல் வரிசைகளில்தான் முடியும். ஒரு செல்லுக்குத் தரை போட இன்னொரு மனிதச் செல்லையே கூலிக்கு அமர்த்த வேண்டியிருந்தது.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கார்ல் டிரிக்வாசன் குழு இதை விடாப்பிடியாகச் செய்தது. 2010-இல் மறுசேர்க்கை லேமினின்-511-இன் மேல் மனித ஸ்டெம் செல்களை நான்கு மாதம், இருபது முறை தட்டு மாற்றியும் குணம் கெடாமல் வளர்த்துக் காட்டினார்கள். 2014-இல் 521. இதில் ஒரு பெரிய தொல்லை தீர்ந்தது. மனித ஸ்டெம் செல்கள் கூட்டமாக இருந்தால்தான் பிழைக்கும். ஒற்றை ஒற்றையாகப் பிரித்தால் செத்துவிடும். பிரித்த பிறகும் அவை சாகாமலிருக்க ஒரு தனி மருந்து சேர்ப்பது வழக்கமாக இருந்தது. லேமினின்-521-இன் மேல் அந்த மருந்தில்லாமலே ஒற்றைச் செல் பிழைத்தது. காரணம் ஒட்டும் பலம் மட்டுமல்ல. குஞ்சத்தைப் பிடித்த இன்டெக்ரின், ‘பிழைத்திரு’ என்ற சமிக்ஞையைச் செல்லுக்குள் அனுப்புகிறது. யோசித்தால் ஆச்சரியமில்லை. தொடக்கக் கருவில் இந்தச் செல்களே ஆல்ஃபா-5 வகை லேமினினைச் சுரந்து அதன் நடுவில்தான் இருக்கின்றன. அவற்றின் சொந்த வீட்டுத் தரையையே அவற்றுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். எலிக்கட்டியிலிருந்து வந்த 111 வேறு யாருடைய வீட்டுத் தரையோ.

அமெரிக்காவில் தாம்சனின் கூடம் வேறு வழியில் போனது. 2011-இல் வைட்ரோநெக்டின் என்ற இன்னொரு மேட்ரிக்ஸ் புரதத்தைக் கத்தரித்துச் சிறிதாக்கி, பாக்டீரியாவிலேயே செய்துவிட்டார்கள். மலிவு, எளிது, வேலையும் நடக்கிறது. செலவைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் ஆய்வகங்கள் இதைத்தான் நாடுகின்றன, அதில் தவறும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியர்களின் சிக்கனம். ஒசாகா பல்கலைக்கழகத்தின் கியோதொஷி செகிகுச்சி கேட்ட கேள்வி இது: செல் பிடிப்பது ஜடையின் நுனியைத்தானே, முழு ஜடை எதற்கு? லேமினினை எலாஸ்டேஸ் என்ற நொதியால் வெட்டினால் துண்டுகளாகும் என்பது பழைய செய்தி. எட்டாம் துண்டில் பின்னலின் கடைசிப் பகுதியும் குஞ்சத்தின் முதல் மூன்று உருண்டைகளும் இருக்கும். அந்தத் துண்டின் மரபணு வடிவத்தை மட்டும் எடுத்துச் செய்தால் போதும் என்றார். ஆனால் குஞ்சம் ஆல்ஃபாவுடையதுதானே, அதை மட்டும் செய்யக் கூடாதா என்றால், கூடாது. காமா சங்கிலியின் வால் நுனியிலிருந்து மூன்றாவதாக இருக்கும் ஒரே ஒரு குளூட்டாமிக் அமிலத்தை நீக்கினாலும் இன்டெக்ரின் பிடிக்காது என்பதைச் செகிகுச்சி குழு முன்பே கண்டிருந்தது. மூன்று சங்கிலிகளின் வாலும் ஒன்றாக வந்து நின்றால்தான் கைப்பிடி உருவாகிறது. 2012-இல் வெளிவந்த இந்த லேமினின்-511 எட்டாம் துண்டு, கைகள் இல்லாததால் வலை பின்னாது. ஆனால் செல்லைப் பிடித்து உட்கார வைப்பதில் முழு ஜடையையும் மிஞ்சியது.  

கியோட்டோவில், முதிர்ந்த செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கும் வழி கண்ட யாமானக்காவின் ஐபிஎஸ் செல் நிறுவனம் இந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டோபமின் செல்களை மூளையில் வைக்கும் சோதனையை ஜுன் தகஹாஷியின் குழு 2018-இல் கியோட்டோவில் தொடங்கியது. ஏழு பேருக்குச் செய்ததன் முடிவு 2025-இல் வெளியானது. அந்தச் செல்களை ஆயத்தப்படுத்த வகுத்த முறையில் எலிக்கட்டிக்கு இடமில்லை; தட்டின் அடியில் விரித்திருந்தது இந்த எட்டாம் துண்டுதான்.

அதைத் தயாரிக்கும் இடமும் மாறியது. நிப்பி என்ற ஜப்பானிய நிறுவனம் முதலில் வெள்ளெலிச் செல்களில் செய்தது. பிறகு பட்டுப்புழுவிலும் தயாரானது. புழுவின் பட்டுச் சுரப்பியில் லேமினின் மரபணுக்களை ஓட விட்டால், அது கூடு கட்டும்போது நூலோடு லேமினின் துண்டையும் சேர்த்துக் கக்குகிறது. பட்டு நூலின் உள்ளிருக்கும் ஃபைப்ராயின் கரையாது. மேலே பூசியிருக்கும் செரிசின் என்ற பசைதான் நீரில் இளகும். பட்டறையில் கூட்டை வேகவைத்துப் போக்குகிறோமே, அதே பசை. மரபணுவை அந்தப் பசை அடுக்கில் சுரக்கும்படி அமைத்துவிட்டதால், கூட்டை ஊறவைத்தாலே புரதம் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. உருக்குத் தொட்டிகளும் கிருமி நீக்கிய குழாய்களும் செய்யும் வேலையை முசுக்கொட்டை இலை தின்ற புழு செய்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு எலிக்கட்டியைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தட்டையாகப் பூச இந்தச் சுத்தமான புரதங்கள் போதும். ஆனால் 2009-இல் உட்ரெக்டில் தோஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் க்ளீவர்ஸும் ஒற்றைக் குடல் ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடலை வளர்த்தார்களே, அது தட்டின்மேல் அல்ல, மேட்ரிஜெல் கூழுக்குள். ஆர்கனாய்டு எனப்படும் இந்தக் குட்டி உறுப்புகளுக்கு நாலா பக்கமும் சூழ்ந்து தாங்கும் பொருள் வேண்டும். எட்டாம் துண்டு வலை பின்னாது, கூழாக உறையாது. செயற்கைக் கூழ்களில் லேமினினைக் கோத்துப் பார்க்கிறார்கள். சில திசுக்களுக்குச் சரிவருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை. அந்த ஆயிரத்து எண்ணூறு புரதங்களில் எவை உதவுகின்றன, எவை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லும் வேலை முடியவில்லை.

அதனால் பல ஆய்வகங்களின் உறைபெட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு பெட்டியில் எத்தனை அமினோ அமிலம், எந்த வரிசை என்று கடைசி எழுத்துவரை தெரிந்த லேமினின். அடுத்த பெட்டியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எலியிலிருந்து எலிக்கு மாற்றி மாற்றி வளர்த்துவரும் அந்தப் பழைய கட்டியின் சாறு.